செவலை மேடேறிய நாட்கள்

இந்தக் கதையை நான் நேரில் கண்டு எழுதவில்லை. அடிவாரத்தில் பழைய டீசல் வண்டிகளுக்கு டர்போ மாற்றித் தரும் மஸ்தான் பாய் எனக்குச் சொன்னது; அவருக்குச் சொன்னவன் தேன்கரட்டிலிருந்து லாரி ஓட்டி வரும் அரப்பளி; அரப்பளிக்கே பாதி விஷயம் அவன் தங்கை பூவாயி சொல்லித்தான் தெரியும். மூன்று வாய் மாறி வந்ததில் எது கூடியது, எது குறைந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிற்பாடு நானே போய்ப் பார்த்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

தேன்கரடு என்பது மலைமேல் எழுபத்திரண்டு வீடுகள் உள்ள ஊர். அடிவாரத்திலிருந்து பத்தொன்பது வளைவுகள். மேலிருந்து குச்சிக்கிழங்கும் பலாவும் கீழே போகும், கீழிருந்து ரேஷன் அரிசியும் உப்பும் சிமெண்டும் மேலே வரும், இரண்டையும் சுமந்தது அரப்பளியின் செவலை என்கிற ஒரே லாரி. சிவப்புப் பெயிண்ட் வெளுத்துச் செவலை மாட்டின் நிறத்துக்கு வந்திருந்ததால் அந்தப் பெயர். அதற்கு வயது முப்பதுக்குப் பக்கம். எட்டு வளைவு வரை முக்கி முனகி வந்துவிடும். ஒன்பதாம் வளைவில், பாறையைக் குடைந்து போட்ட அந்தச் செங்குத்தில், கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். ஊர்க்காரர்கள் இறங்கி வந்து பாதிச் சுமையைத் தலையில் வாங்கிக்கொண்டு மீதி மலையை நடந்து ஏறுவார்கள். சுமை வரும் நாள் என்றால் கழுத்து வலிக்கும் நாள் என்றே குழந்தைகள் நினைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அரப்பளி வண்டியை மஸ்தான் பாயிடம் விட்டான். பாய், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ ஒன்றை வேறொரு வண்டியிலிருந்து எடுத்து அதில் பொருத்தி, காற்று எஞ்சினுக்குள் நுழையும் குழாயிலிருந்து மெல்லிய ரப்பர் ட்யூப் ஒன்றை இழுத்து, டிரைவர் முன்னால் காற்றழுத்தம் காட்டும் வட்டமான மீட்டர் ஒன்றை வைத்தார். அதில் முள் பூஜ்யத்திலிருந்து முப்பது பவுண்டு வரை நகரும். பதினெட்டுக்கு நேராகக் கண்ணாடிமேல் சிவப்பாக ஒரு கோடு போட்டார்.

"இப்ப பன்னெண்டுல வச்சிருக்கேன். பத்தலைன்னா இந்த ராடைப் பாரு. கிளிப்பைக் கழட்டி, முனையை அரைச் சுத்து உள்ள திருப்பினா ராடு குட்டையாகும், டர்போவச் சுத்தற புகைய வெளிய விடற வாயில் லேட்டா திறக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவைக்கு அரைச் சுத்துதான். திருப்பிட்டு ஏத்தத்துல ஓட்டி முள்ளைப் பாரு. பதினெட்டைத் தாண்டினா ஹெட் கேஸ்கெட் போயிரும், அப்புறம் எங்கிட்ட அழுவாத."

"வளைவுல நான் ரோட்டைப் பாக்கறதா, முள்ளைப் பாக்கறதா பாய்?"

"உன் தங்கச்சிய உக்கார வையி. அது ரோட்டைப் பாக்காம என் கையவே பாத்துக்கிட்டு நிக்குது."

உண்மைதான். பூவாயி அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எதையும் இரண்டு தடவை பூட்டிப் பார்ப்பவள், அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பவள். பாய் கடைசியில் நட்டையும் மரையையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். "இந்தக் கோடு உடைஞ்சிருந்தா யாரோ திருப்பியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். பூவாயி அதையும் மனதில் வாங்கிக்கொண்டாள். பிறகு, "மேல போய்ச் சேந்ததும் பட்டுனு ஆஃப் பண்ணாத, மூணு நிமிஷம் சும்மா ஓடட்டும், டர்போ ஆறணும்" என்றதையும் வாங்கிக்கொண்டாள்.

முதல் நடையில் ஒன்பதாம் வளைவில் முள் பன்னிரண்டிலேயே நின்றது, வண்டியும் நின்றது. பூவாயி இறங்கி பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்று திருப்பினாள். முள் பதினான்குக்கு வந்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. இன்னும் அரைச் சுற்று. "பதினாலு... பதினஞ்சு... பதினாறு" என்று அவள் சொல்லச் சொல்ல, செவலை தன் வாழ்நாளில் முதல் தடவையாக முழுச் சுமையோடு ஒன்பதாம் வளைவை ஏறியது.

அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டே ஊருக்குள் போனால் வரவேற்க ஒருவரும் எழுந்து வரவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் ராகி புடைத்தவர்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, குழாயடியில் இருந்தவர்கள் குடத்தின்மேல் சாய்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சாக்பீஸ் பிடித்த கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, மலையை இப்போதுதான் ஏறி வந்தவர்களைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் கொம்பு ஊதுகிறவர் ஊதிக்கொண்டிருந்த கொம்பை வாயிலிருந்து எடுக்கவும் தெம்பில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி மூன்று நிமிஷம் சும்மா ஓடி அணைந்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

இரண்டாம் நடையிலும் அப்படியே ஆனது, மூன்றாம் நடையிலும் அப்படியே. ஊர் எல்லையில் கிழக்கே ஒரு கல், மேற்கே ஒரு கல். இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் மூச்சு வாங்கியது. கல்லுக்கு வெளியே விறகு பொறுக்கப் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை, லாரியில் வந்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை. வண்டி மலை ஏறக் காற்றைத் தங்கள் நெஞ்சிலிருந்துதான் வாங்குகிறது என்பது மூன்றாவது நடையில் ஊருக்குத் தெரிந்துபோனது. தெரிந்ததும் ஊர் கூடியது.

ஊர்த்தலைவர் பொங்கியண்ணன் கேட்டார்: "திருப்பினதைத் திருப்பித் தளத்திரலாமா, இல்ல இப்படியே இருக்கட்டுமா?"

"தளத்தினா மறுபடியும் தலைச்சுமைதானுங்களே" என்றது ஒரு குரல்.

"இப்ப மட்டும் என்ன, சுமக்காமயா இருக்கறோம்?"

"சுமக்கறோம். ஆனா உக்காந்துக்கிட்டுச் சுமக்கறோம்."

இப்படியே இருக்கட்டும் என்று ஊர் முடிவு செய்தது, பிறகு அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. அடிவாரத்தில் அரப்பளி அடிக்கும் நீண்ட ஹாரன் மேலே கேட்டதும் பெண்கள் அடுப்பு ஊதுவதை நிறுத்தினார்கள், மரமேறியவர்கள் இறங்கினார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் விட்ட வார்த்தையை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாண முகூர்த்தம் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு அரப்பளியையும் கேட்டார்கள். வண்டி வந்து நின்ற பிறகும் மூன்று நிமிஷம் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது வழக்கமானது. அவசரப்பட்டு எழுந்த ஒருவர் மயங்கி விழுந்து எழுந்ததிலிருந்து அந்த வழக்கத்தை யாரும் மீறவில்லை. வரும் சுமை என்ன என்பதை மூச்சிலேயே சொல்லவும் பழகினார்கள். அரிசி என்றால் தோள் கனக்கும், உப்பு என்றால் நாக்கு வறளும், சிமெண்ட் என்றால் நெஞ்சில் ஏறி உட்காரும். அந்த வருஷம் சிமெண்ட் வாங்கி வீடு கட்டியவள் பூவாயியின் பக்கத்து வீட்டுக் கொங்கலாயி ஒருத்திதான். நெஞ்சு கனத்த நாளெல்லாம் தெருவே அவள் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

"ஏக்கா, அரமனை எப்ப முடியும்? எங்க நெஞ்செலும்பெல்லாம் உன் சுவத்துக்குள்ள போயிருச்சு!"

"குடிபோறப்ப உங்க எல்லாத்தையும் உக்கார வச்சு சோறு போடறேன், வாங்கடி. அதுக்கும் மூச்சு வாங்குதும்பீங்க."

எல்லோரும் பழகினார்கள். பழக முடியாத ஒரே ஆள் பூவாயியின் அப்பா மாதேசன்.

அவர் கீழே கல் அரைக்கும் கிரஷரில் பதினெட்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர். கல்தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். சும்மா இருக்கும்போதே அவருக்கு மூச்சு எண்ணித்தான் வரும். முதல் நடையில் முள் பதினான்கைத் தொட்டபோது அவர் இருமினாராம். பதினாறைத் தொட்டபோது உதடு நீலமாகி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் நிறம் திரும்பியது. பூவாயி ஒரு நோட்டில் வளைவு நம்பரையும் பவுண்டையும் எழுதி வைத்திருந்தாள். அன்றிலிருந்து எதிர்ப்பக்கத்தில், கொங்கலாயி பார்த்துச் சொன்ன அப்பாவின் உதட்டு நிறத்தையும் எழுதினாள். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

ஆகவே நடை இருக்கும் நாளெல்லாம் அப்பாவைத் தூக்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில், போர்வை சுற்றிக்கொண்டு, அவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவார். "பதினாறு" என்று மகள் சொன்னால், "பாவம், எல்லாரும் இந்நேரம் உக்காந்திருப்பாங்க" என்பார். மூன்று மாதம் அப்படி ஓடியது. ஆனி மாதம் ஒரு நாள் பதினோராம் வளைவின் குலுக்கலில் அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் துணை சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸம்மா, "இனிமே இவரைக் கட்டில விட்டு அசைக்கக் கூடாது" என்றுவிட்டார்.

அதே வாரத்தில் அடிவாரத்தில், ஓடைமேல் கட்டப் போகும் பாலத்தைத் தாங்க ஆறு இரும்புக் கர்டர்கள் வந்து இறங்கின.

அந்த ஓடையைத் தாண்டினால்தான் நர்ஸம்மா, ஊசி, மருந்து எல்லாம். போன மழைக்கு ஓடை பதினோரு நாள் ஊரை அறுத்துப் போட்டது. அந்தப் பதினோரு நாளில் ஒரு பிரசவம் தவறியது. ஆறு வருஷம் மனுக் கொடுத்து வந்த கர்டர்கள் அவை. மழை இன்னும் பத்து நாளில் என்றார்கள். சுமையோ செவலை இதுவரை ஏற்றாத சுமை. ஒன்பதாம் வளைவை அது தாண்ட வேண்டுமானால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி இருபதுக்குப் போக வேண்டும் என்று பூவாயியின் நோட்டே சொன்னது; கேஸ்கெட் போனாலும் அந்த ஒரு நடை ஏறினால் போதும் என்றான் அரப்பளி. இன்னும் இரண்டு அரைச் சுற்று.

அவள் நோட்டின் மறுபக்கம் சொன்னதை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று படித்தாள். "பதினாறுக்கே அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆச்சுங்க. இருபதுன்னா..." அதற்கு மேல் நோட்டில் எழுதியிருக்கவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர்வழக்கத்தில் அதற்கு என்ன இருக்கிறது என்று தேடினார்கள். தேன்கரட்டில் பாதை வெட்டினாலும் வாய்க்கால் தூர் எடுத்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஒரு வீட்டில் ஆள் முடியாமல் படுத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் அவருக்கும் சேர்த்து நிற்பார். ஆள் மாத்து என்று அதற்குப் பெயர்.

"மாதேசனுக்கு நான் ஆள் நிக்கறேன்" என்றாள் கொங்கலாயி.

"நீயா? சிமெண்டுக்காரியா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஆமாண்டா, இத்தன நாளு என் சுவரைச் சுமந்தீங்கல்ல. நான் ஒரு ஆளைச் சுமக்கறேன்."

பூவாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "வாய்க்கால் வெட்டறதுன்னா மம்பட்டிய மாத்திப் புடிக்கலாங்க. மூச்சு யாரைக் கேட்டுட்டுப் போவுது? அதுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியுமா?"

பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "தெரியுமா தெரியாதான்னு எப்படியம்மா சொல்றது. இதுவரைக்கும் அதுவா எடுத்துக்கிச்சு. நாமளா குடுத்துப் பாத்ததில்லையே."

வியாழக்கிழமை நடை என்று முடிவானது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் போயிருந்தவர்களுக்கெல்லாம் போன் போனது. ஆளுக்கு ஆள் பங்கு குறையட்டும் என்று அவர்களும் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினார்கள். திருவிழாவுக்கு வராதவர்கள்கூட வந்தார்கள். பூவாயி ஒவ்வொருவராக எண்ணினாள். முன்னூற்று நாற்பத்தொன்று. அப்பாவைச் சேர்த்தால் முன்னூற்று நாற்பத்திரண்டு. அந்தக் கடைசி எண்ணை அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை விடிந்து வெயில் ஏறியதும் அடிவாரத்தில் கர்டர்களை ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். "ரெண்டு அரைச் சுத்து, மறந்துராத" என்று சொல்லிவிட்டு அரப்பளி டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனான். பூவாயி பானெட்டுக்குள் குனிந்தாள். கிளிப்பைக் கழற்றினாள். ராடின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே திருப்ப வேண்டியதை வெளியே திருப்பினாள். அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று, பாய் வைத்துக்கொடுத்த இடம் வந்தது, அதையும் தாண்டி இன்னும் இரண்டு அரைச் சுற்று. எட்டு பவுண்டுக்கு மேல் எந்தக் காலத்திலும் ஏறாத இடத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தி, நட்டை இறுக்கினாள். பிறகு பையிலிருந்து நகப்பாலீஷ் குப்பியை எடுத்து, நட்டுக்கும் மரைக்கும் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இழுத்து, காயும்வரை வாயால் ஊதினாள். அவ்வளவு பெரிய துரோகத்தைச் செய்யும்போதும் அவளால் வேலையை அரைகுறையாக விட முடியவில்லை.

நீண்ட ஹாரன் அடித்துவிட்டு வண்டி கிளம்பியது. முதல் வளைவில் முள் ஏழு. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் எட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை. நான்காவதில், "என்ன புள்ள, முள்ளு என்ன சொல்லுது?" என்றான் அரப்பளி. "ஏறுது" என்றாள். அதுதான் அவள் முள்ளைப் பற்றிச் சொன்ன முதல் பொய். ஆறாவதில் கரும்புகை பின்கண்ணாடியை மூடியது. ஒன்பதாவதில் வண்டி நின்றுவிடும், நின்றால் சும்மா நிற்காது, இந்தச் சுமையோடு பின்னால் உருளும், அண்ணன் பிரேக்கை மிதித்துக்கொண்டு என் பெயரைச் சொல்வான், ஊர் இன்னொரு மழைக்கு அறுந்து கிடக்கும், யாருக்காவது பிரசவ வலி வரும், அப்பா மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பார் என்றெல்லாம் அவளுக்குள் ஓடி, எட்டாம் வளைவின் நடுவில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, நான் திருப்பல. தளத்திட்டேன். எட்டுலதான் இருக்குது."

அரப்பளி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிறுத்த இடமில்லை, திருப்ப இடமில்லை. "இத இப்பவா சொல்லுவ?"

"அங்கயே சொல்லியிருந்தா நீ திருப்பியிருப்ப."

அவன் கியரை இறக்கினான். "திருப்பியிருப்பேன்" என்றான். பிறகு, "டயருக்கு முட்டுக் குடுக்கற கட்டைய எடுத்து மடியில வச்சுக்க. நிக்கப் போவுதுன்னு தெரிஞ்சதும் குதிச்சிரு, குதிச்சுப் பின்டயருக்குப் போடு" என்றான்.

ஒன்பதாம் வளைவு. கட்டை மடியில், ஒரு கை கதவுப் பிடியில், கண் முள்ளில். எட்டு. எஞ்சின் குரல் அடங்கிக்கொண்டே போயிற்று. எட்டு. பாறை நகர்வது நின்றது. அவள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த அந்த நேரத்தில் முள் ஒன்பதைத் தொட்டது. பத்து. ரப்பர் ட்யூப் விறைத்து நிமிர்ந்தது. பன்னிரண்டு, பதினாறு, சிவப்புக் கோடு, இருபது. இருபத்திரண்டில் போய் நின்றது, ஆடாமல், யாரோ விரலால் பிடித்துக்கொண்டதைப் போல. புகை வெளுத்து மறைந்தது. பூவாயி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தி, கட்டையைக் காலடியில் போட்டாள்.

அவர்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது ஊர் உட்கார்ந்திருக்கவில்லை. கிழக்குக் கல்லிலிருந்து பாதையின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஓர் ஆள் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று வரிசையாக நின்றுகொண்டு, ஒன்பதாம் வளைவு இருக்கும் பக்கமாக முகத்தை வைத்து, அடுப்பு ஊதுகிறவர்களைப் போல வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். கொம்புக்காரர் கொம்பைக் கீழே வைத்துவிட்டு வெறும் வாயால் ஊதினார். பொங்கியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊதினார். எதையும் யாரும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் மாதேசன் வீட்டு இடம் காலியாக இல்லை. ஒரு கால் தன் இடத்திலும் ஒரு கால் அவருடைய இடத்திலுமாக அகட்டி நின்றுகொண்டிருந்தாள் கொங்கலாயி.

வண்டி அணைவதற்கு முன் மூன்று நிமிஷம் ஓட வேண்டும். பூவாயி வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குக் காத்திருக்காமல் இறங்கி ஓடினாள். வீட்டில் அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டைக் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பைத் தவிர அதில் வேறு நிறம் இல்லை.

"வண்டி வந்துருச்சா?" என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

"வந்துருச்சுப்பா."

"நல்லாத் தூங்கிட்டேன் போல."

வாசலில் கொங்கலாயி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கைத் துழாவி உள்ளங்கையில் துப்பினாள். சாம்பல் நிறத்தில் மாவு போல நைசான கல்தூள்.

"உங்கப்பன் மூச்சு இருக்குதே புள்ள, பல்லெல்லாம் நறநறங்குது. கொஞ்சம் தண்ணி குடு."

பூவாயி தண்ணீர் கொடுத்தாள். தான் செய்ததை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று சொம்பை நீட்டிய கையோடு நின்றாள். கொங்கலாயி குடித்து முடித்து, கொப்பளித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பூவாயி அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும்தான் அறிவான். அவன் அதைப் பாயிடம் சொன்னது நான்கு வருஷம் கழித்து.

அதற்குள் பாலம் கட்டி முடிந்துவிட்டது. நர்ஸம்மா இரண்டு மழைக்காலம் அதன்மேல் நடந்து வந்து மாதேசனுக்குக் கட்டிலிலேயே ஊசி போட்டார்; மாதேசன் மூன்றாவது கோடையில் ஒரு மத்தியானம், செவலை ஓடாமல் கொட்டகையில் நின்ற ஒரு நாளில் இறந்தார். செவலை அதன் பிறகும் மேலே போய்வந்துகொண்டிருந்தது. சுமை வரும் நாளில் ஊர் எல்லைக்குப் போய் நின்று ஊதுவது வழக்கமாகிவிட்டதாம். ஒருவருக்கும் பிறகு மூச்சு வாங்கியதில்லை என்கிறார்கள். இதையெல்லாம் நான் விசாரித்து உறுதி செய்யவில்லை.

நான் பார்த்தது இது. போன தை மாதம் செவலை எஞ்சின் வேலைக்காக மஸ்தான் பாயின் பட்டறைக்கு வந்திருந்தது. கதையைக் கேட்ட கையோடு, பானெட்டைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். பாய் டார்ச் அடித்துக் காட்டினார். எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்ததைத் துணியால் துடைத்ததும், ராடின் முனை மரையின் விளிம்பு வரை வெளியே வந்திருந்தது தெரிந்தது; நட்டுக்கும் மரைக்கும் குறுக்கே நகப்பாலீஷ் கோடு, நிறம் மங்கியிருந்தது, எங்கும் உடைந்திருக்கவில்லை. பாய் ஒரு கை பம்பையும் மீட்டரையும் ராடுக்குப் போகும் ட்யூபில் மாட்டி மெல்லக் காற்று ஏற்றினார். வாயில் திறந்தது. என் திருப்திக்காக இன்னும் இரண்டு தடவை செய்து காட்டச் சொன்னேன். மூன்று தடவையும் அது எட்டு பவுண்டில்தான் திறந்தது.